எனக்குக் கொடுக்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்!



இந்தப் பகுதியை ஒரு வாரம் விடாமல் படிக்கிறவள் நான். மாமியார் மருமகள் விஷயம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுச் சிக்கனம் என்று எத்தனையோ சகோதரிகள் எழுதுகிறீர்கள். விவாகரத்து பற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் கோர்ட் படியோடு முடிந்து விடுகின்றன. தீர்ப்பு கையில் வந்த பிறகு அந்தப் பெண் யாருடன் பேசுகிறாள், தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்து விடுகிறாள், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுகிறாள் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் துணிந்து பேனாவை எடுத்தேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது வயது 36. ஒரே மகள். ஊர் திண்டுக்கல். 2011-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறவர். 20 பவுன் போட்டு, சீர் வரிசையோடுதான் அனுப்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்று விலாவாரியாக எழுதப் போவதில்லை. அடி, சந்தேகம், கடன் மூன்றும் இருந்தன என்று மட்டும் சொல்கிறேன். 2017-ல் நாலு வயதுக் குழந்தையோடும் ஒரே ஒரு பையோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மறு வருடம் அவர் விவாகரத்து கேட்டு மனு போட்டார். கல்யாணம் எங்கள் ஊரில் நடந்ததால் கேஸும் எங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே நடந்தது.

அந்த மனு 11 பக்கம். மொழி கோர்ட் தமிழ் என்பதால் வக்கீல் ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கினார். நாலாவது பக்கத்தில் நான் மனநிலை சரியில்லாதவள், குழந்தையைப் பட்டினி போட்டவள் என்று எழுதியிருந்தது. ஆறு வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டவளைப் பற்றி ஒரு மனுஷன் இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அடி வாங்கிய வலி ஆறிவிட்டது. அந்த நாலாவது பக்கம் ஆற ரொம்ப நாள் ஆனது.

எல்லோரும் கொடுத்தார்கள்

அண்ணன் வீட்டில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதை முதலில் சொல்லி விடுகிறேன். அண்ணி எனக்கு முதல் தோசை வைப்பார். பெரியம்மா தன்னுடைய பழைய பட்டுச் சேலைகளைக் கொடுத்தார். சித்தி வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் கையில் 500 ரூபாயைத் திணித்து விட்டுப் போவார். "நீ சும்மா இரு, நாங்க பாத்துக்கறோம்" என்பதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் சும்மா இருந்து பாருங்கள். சமையலுக்கு என்ன வாங்குவது என்று யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்று விடும். விசேஷ வீடுகளில் நலங்கு வைக்க எல்லோரையும் கூப்பிடும்போது என் முறை வரும் நேரம் பார்த்து, "நீ போய் பிள்ளைகளுக்குப் பந்தி போட்டாச்சான்னு பாரு" என்று யாராவது அனுப்பி விடுவார்கள். திட்டினால் கூட பதில் சொல்லலாம். பரிதாபத்துக்கு என்ன பதில் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி ஒருத்தி நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டு ரசத்தைப் பாத்திரத்தில் வாங்கிக் கொண்டு போகிறவள். கேஸ் நடக்கிறது என்று தெரிந்ததும் போனை எடுப்பதை நிறுத்தி விட்டாள். ஒருநாள் மார்க்கெட்டில் நேருக்கு நேர் பார்த்தபோது, "எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கலடீ, தப்பா நினைக்காத" என்றாள். உண்மையைச் சொன்னாளே என்று நினைத்துக் கொண்டேன். ஆனால் அன்று வாங்கப் போன தக்காளியை வாங்காமலே வீட்டுக்கு வந்து விட்டேன்.

வாய்தா தோழி

கோர்ட்டுக்குப் போன சகோதரிகளுக்குத் தெரியும். காலை பத்தரைக்குள் போய் விட வேண்டும். டவாலி எப்போது பெயரைக் கூப்பிடுவார் என்று தெரியாது. தண்ணீர் குடிக்கக்கூட நகர முடியாது. மூன்று மணிக்குக் கூப்பிட்டு, இரண்டே நிமிடத்தில் அடுத்த வாய்தா தேதியைச் சொல்லி அனுப்பி விடுவார்கள். அதே வராந்தாவில் பத்தடி தள்ளி அவரும் அவர் வீட்டார்களும் நின்று சிரித்துப் பேசிக் கொண்டிருப்பார்கள். நான் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அந்த வராந்தாவில்தான் அவளைப் பார்த்தேன். சாணார்பட்டி பக்கம் ஒரு கிராமம். என்னைவிட நாலு வயது மூத்தவள். ஜீவனாம்சத்துக்காக ஆறு வருஷமாக அலைகிறவள். எங்கள் இரண்டு பேர் கேஸும் மூன்றாவது முறையாக ஒரே தேதியில் வந்த அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் கேஸ் என்ன, புருஷன் எப்படி, எத்தனை பிள்ளை என்று எதுவும் கேட்கவில்லை. "சோறு கொண்டாந்திருக்கியா? எனக்குக் கொஞ்சம் குடு. சக்கரை மாத்திரை போடணும், பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல டப்பாவை மறந்துட்டேன்" என்றாள்.

புளிசாதமும் உருளைக்கிழங்கும் இருந்தது. பாதிக்கு மேல் அவளுக்குக் கொடுத்தேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிக் கொண்டே முழுவதும் சாப்பிட்டாள். சகோதரிகளே, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, என் சமையலில் யாரும் குறை சொல்லி! ஒரு வருஷமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்று வீட்டுக்கு வந்து குழந்தையிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். "அம்மா சிரிக்குது" என்று அவள் ஓடிப் போய் அண்ணியிடம் சொன்னாள்.

அதன் பிறகு வாய்தா தேதி வந்தால் வயிற்றைக் கலக்குவது குறைந்தது. "16-ஆம் தேதி உனக்குமா? நான் தயிர்சாதம், நீ ஊறுகாய்" என்று பேசி வைத்துக் கொள்வோம். என் மகள் அவளுக்கு வைத்த பெயர்தான் வாய்தா பெரியம்மா. இன்றுவரை அதுதான் பெயர்.

கடைசி வீட்டு அக்கா

2019-ல் தனி வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அண்ணன் பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள், இடம் போதவில்லை. "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?" இதுதான் எல்லா வீட்டுச் சொந்தக்காரர்களும் கேட்ட முதல் கேள்வி. பதில் சொன்னதும், "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு குடுக்கறதா இல்ல" என்பார்கள். ஐந்து வீடு இப்படிப் போனது. ஆறாவது ஒரு காம்பவுண்டு வீடு. சொந்தக்காரர் ஒரு பாட்டி. எல்லாவற்றையும் கேட்டு விட்டு, "அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துரணும். தண்ணி ராத்திரிதான் வரும், முழிச்சிருந்து பிடிச்சுக்கணும். மத்ததெல்லாம் உன் பாடு" என்றார். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அந்தக் காம்பவுண்டில் ஆறு வீடு. கடைசி வீட்டில் ஓர் அக்கா, அவருடைய அம்மாவோடு இருக்கிறார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பண்டகசாலையில் பில் போடும் வேலை. அம்மா படுக்கையோடு படுக்கை. நான் குடி போன நாலாம் நாள் வாசலில் வந்து நின்றார். "உங்களால ஒரு உதவி ஆகணும். நான் மருந்து வாங்கிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும். அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்க முடியுமா? தண்ணி கேட்டா ஸ்பூன்லதான் குடுக்கணும்."

பெற்ற குழந்தையைப் பட்டினி போட்டவள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கப்பட்டவள் நான். ஒருத்தர் என்னை நம்பிப் பெற்ற தாயை ஒப்படைக்கிறார். ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. அந்தப் பாட்டி என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கொண்டு பழைய கதை ஒன்றைச் சொன்னார். நானும் தங்கையாகவே இருந்து "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக் கொண்டிருந்தேன்.

எனக்கு வருமானத்துக்கு வழி காட்டியதும் அக்காதான். சேலைக்கு ஃபால்ஸ் வைக்க, முந்தானைக்குக் குஞ்சம் கட்ட எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தன்னோடு வேலை செய்கிறவர்களின் சேலைகளை வாங்கிக் கொண்டு வந்து கொடுப்பார். சும்மா கொடுக்க மாட்டார். "இந்தச் சேலை வெள்ளிக்கிழமை வேணும். தையல் மேல தெரிஞ்சா திருப்பிக் குடுத்துருவேன்" என்பார். இரண்டு தடவை திருப்பியும் கொடுத்திருக்கிறார். அந்தக் கண்டிப்பில்தான் என் கைக்கு நேர்த்தி வந்தது.

சண்டை போட்டதும் தோழிதான்

எங்களுக்குள் மனஸ்தாபம் வராமல் இல்லை. ஒருநாள் அக்கா, "பொட்டப் பிள்ளைக்காகவாவது பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சேர்ந்து வாழ்ந்திருக்கலாம்ல?" என்று கேட்டு விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் மனுவின் நாலாவது பக்கத்தை எடுத்துக் கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இதைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். சட்னி அரைச்சு வச்சிருக்கேன், வா சாப்பிடலாம்" என்றார். அதோடு சரி, இன்றுவரை அந்தப் பேச்சு எடுத்ததில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தச் சண்டையும் எனக்கு நல்லதாகத்தான் பட்டது. சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார்கள். அக்கா ஒருத்தர்தான் என்னோடு சரிக்குச் சமமாகச் சண்டை போட்டார், சமாதானமும் ஆனார்.

பெயர் ஓர் அட்டையில், வயிறு ஓர் ஊரில்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோர்ட் இல்லை, பஸ் இல்லை, சேலை தைக்கக் கொடுப்பாரும் இல்லை. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷன் கடையில் 1,000 ரூபாயும் விலையில்லாமல் பொருள்களும் கொடுத்தார்கள். ஆனால் என் பெயரும் மகள் பெயரும் திருப்பூரில் அவர் வீட்டுக் குடும்ப அட்டையில் இருந்தன. எங்கள் இரண்டு பேர் பங்கு அரிசியும் அங்கேதான் போயிற்று. இங்கே எனக்கு அட்டையே கிடையாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவே கண்டுபிடித்தார். ஆனால் அரிசியைக் கொண்டு வந்து வாசலில் வைத்து விட்டுப் போகவில்லை. "ஆறு வீட்டு அடுப்பும் தனித்தனியா எரிஞ்சா கேஸ் தாங்காது. மதியச் சாப்பாடு முறை வச்சுப் பொங்குவோம். குழம்பு உன் பொறுப்பு" என்றார். அரிசி அவர்களுடையது, கை என்னுடையது. இரண்டு மாதம் ஆறு வீடும் அப்படித்தான் சாப்பிட்டோம். மூன்றாவது வீட்டு அம்மா அதுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். அவரே, "நாளைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வையேன்" என்று கேட்க ஆரம்பித்தார். தானமாக வாங்கியிருந்தால் அந்த இரண்டு மாதமும் எனக்குத் தலை குனிவாக இருந்திருக்கும். குழம்பு வைத்ததால் தலை நிமிர்ந்து சாப்பிட்டேன்.

தீர்ப்பு நாள்

கடைசியில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி, இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டு, 2022-ல் விவாகரத்து ஆனது. 20 பவுனில் 12 பவுன் திரும்பி வந்தது. மொத்தமாக வந்த தொகையை மகள் பெயரில் வங்கியில் போட்டு விட்டேன். அன்று வாய்தா தோழிக்குக் கேஸ் இல்லை. ஆனாலும் வந்திருந்தாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆகியிருந்ததால், "உனக்காக ஒரு பைசா செலவு பண்ணல, பயப்படாத" என்று சிரித்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. டீக்கடையில் ஆளுக்கொரு போண்டாவும் டீயும் சாப்பிட்டோம். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள். "உனக்கு இனிமே வாய்தா கிடையாது. என்னை எப்பப் பாக்க வருவ?" என்றாள். கேஸ் முடிந்தால் இவளும் போய் விடுவாளோ என்ற பயம் எனக்கு இருந்தது போலவே அவளுக்கும் இருந்திருக்கிறது! அங்கேயே தேதி போட்டோம். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, மலைக்கோட்டை அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் கோயில். அன்றிலிருந்து இரண்டு முறைதான் தவறியிருக்கிறது. இப்போது கடைசி வீட்டு அக்காவும் வருகிறார். கோயிலுக்குப் பூ விற்கிற அம்மா ஒருத்தர், குழந்தையோடு தனியாக இருக்கும் இளம்பெண் ஒருத்தி என்று ஐந்து பேர் ஆகி விட்டோம். சாமி கும்பிடுவது பத்து நிமிஷம், பேச்சு இரண்டு மணி நேரம்!

மகளுக்கு நலங்கு

போன வருடம் என் மகள் பெரிய மனுஷி ஆனாள். அண்ணன் தாய்மாமன் சீர் கொண்டு வந்து குறைவில்லாமல் செய்தார். நலங்கு வைக்கும் நேரத்தில் சொந்தத்தில் ஒரு பெரியவர், "சுமங்கலிகள் மட்டும் வாங்க" என்று குரல் கொடுத்தார். எங்கள் ஐந்து பேரில் அந்தக் கணக்கில் வருகிறவள் ஒருத்தி கூட இல்லை. அக்கா பின்னால் நகர்ந்து சுவரோரம் போய் நின்று விட்டார். பெற்றவளான நான் எங்கே நிற்பது என்று எனக்கே தெரியவில்லை.

மணையில் உட்கார்ந்திருந்த என் மகள், "கடைசி வீட்டுப் பெரியம்மா முதல்ல வைக்கட்டும், அப்புறம் வாய்தா பெரியம்மா" என்றாள். சபையில் சத்தம் அடங்கி விட்டது. அந்தப் பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் அண்ணி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கொண்டு நேராகச் சுவரோரம் போய் அக்கா கையில் கொடுத்தார். "பிள்ளைக்கு வைசூரி மாதிரி அம்மை போட்டப்ப பத்து நாள் வேப்பிலை வச்சுத் தடவினது இவங்க. நல்லதுக்கு மட்டும் ஆகாதா?" என்று கேட்டார். இத்தனை வருஷம் எனக்கு முதல் தோசை வைத்த அண்ணியை அன்றுதான் நான் தோழியாகவும் பார்த்தேன். அக்கா வைத்தார், வாய்தா தோழி வைத்தாள், பூக்கார அம்மா வைத்தார். கடைசியில் நானும் என் மகளின் கன்னத்தில் சந்தனம் பூசினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தெரிந்து கொள்ள வேண்டிய சில விஷயங்கள்

இதே நிலைமையில் இருக்கும் சகோதரிகளுக்கு, அலைந்து தெரிந்து கொண்ட சிலவற்றையும் சொல்லி விடுகிறேன்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. சட்ட உதவிக்கு 15100.

பிறந்த வீட்டில் போட்ட நகையும் பாத்திரமும் சீதனம். அது பெண்ணுக்கே சொந்தம், புருஷன் வீட்டார் அதை வைத்திருந்தாலும் உரிமை அவர்களுக்குப் போய் விடாது என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே நகை வாங்கிய ரசீது, கல்யாணப் போட்டோ, சீர் எழுதிய நோட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு 12 பவுன் திரும்பி வந்தது அம்மா எழுதி வைத்த சீர் நோட்டால்தான்.

ஜீவனாம்ச மனுவை முதலிலேயே போட்டு விடுங்கள். மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் 125-வது பிரிவு என்று சொல்வார்களே, 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 144-வது பிரிவு ஆகி விட்டது. எண்ணைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதாக இருந்தால், ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும், வக்கீலிடம் கேளுங்கள்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு என்று எங்கே போனாலும் கேட்பார்கள். எனக்குத் தனிக் குடும்ப அட்டை வந்த அன்று, அதில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் போட்டோவைப் பார்த்து விட்டு மகள் அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டு போய்க் காட்டினாள்.

மகளிர் சுய உதவிக் குழுவில் சேருங்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. கடன் மட்டும் அல்ல, வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து பெண்களோடு உட்கார ஒரு காரணம் கிடைக்கிறது. எங்கள் குழுக் கடனில்தான் நான் பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கினேன். கடனும் அடைந்து விட்டது.

கல்யாணமாகி நன்றாக வாழும் சகோதரிகளுக்கு

இந்தக் கடிதத்தை முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் தெருவிலும், உங்கள் சொந்தத்திலும் என்னைப் போல ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவள் உங்கள் புருஷனைப் பறித்துக் கொள்ள வரவில்லை. உங்கள் வீட்டுக் காபியில் ஒரு டம்ளரும், பத்து நிமிஷப் பேச்சும்தான் அவளுக்கு வேண்டியது.

அவளைப் பார்த்ததும் "ஐயோ பாவம்" என்று பழைய சேலையைத் தேடாதீர்கள். "இனிமே என்ன பண்ணப் போற?" என்றும் கேட்காதீர்கள். அது அவளுக்கே தெரியாது. அதற்குப் பதிலாக ஏதாவது ஓர் உதவி கேளுங்கள். "கொஞ்சம் மாவு இருக்கா?", "பிள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா?", "இந்த ஜாக்கெட் கை லூசா இருக்கு, பிடிச்சுத் தர்றியா?" என்று கேளுங்கள். அவள் வைத்த குழம்பில் உப்பு அதிகம் என்றால் அதையும் தைரியமாகச் சொல்லுங்கள். வீட்டில் விசேஷம் என்றால் பந்தியைப் பார்க்க அனுப்பாமல் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தனியாக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நம்மைத் தேடி யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக் கொண்டே இருந்தால் நாள்தான் ஓடும். பக்கத்து வீட்டில் யாருக்கு என்ன உதவி தேவை என்று பாருங்கள், நமக்கும் ஓர் உதவி வேண்டும் என்றால் வாய் விட்டுக் கேளுங்கள். எனக்கு 18 வருஷப் பழக்கம் நாலு தெருவில் இருந்து கொண்டே விட்டுப் போயிற்று. புளிசாதம் கேட்ட பழக்கம் இன்றுவரை கூட வருகிறது.

வாய்தா தோழிக்குச் சென்ற மாதம்தான் ஜீவனாம்சப் பாக்கியில் ஒரு பகுதி வந்தது. அடுத்த முதல் ஞாயிறு அவள் செலவில் எங்கள் ஐந்து பேருக்கும் மதியச் சாப்பாடு. என்ன வேண்டும் என்று இப்போதே பட்டியல் போட்டுக் கொடுத்து விட்டோம்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.